தெரு அங்கன்வாடியா, பள்ளி வளாக எல்.கே.ஜி.யா?

மூன்று வயது முடிந்த குழந்தையை எங்கே சேர்ப்பது? கட்டணம் கட்ட முடியாத, அல்லது கட்ட விரும்பாத பெற்றோருக்குத் தமிழ்நாட்டுச் சிறு நகரங்களில் அரசு தரும் விடைகள் இரண்டு. ஒன்று, தெருவிலேயே இருக்கும் அங்கன்வாடி. பெரியவர்கள் வாயில் அது இன்றைக்கும் பால்வாடிதான். மற்றொன்று, அரசு நடுநிலைப் பள்ளி வளாகத்துக்குள் 2019இல் தொடங்கிய எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்பு. இரண்டுமே அரசுடையவை, இரண்டிலும் சோறு உண்டு, இரண்டிலும் காசு கேட்பதில்லை. ஆனாலும் ஊரார் மனத்தில் இரண்டுக்கும் நடுவே பெரிய தூரம். எல்.கே.ஜி. என்றால் படிப்பு, பால்வாடி என்றால் சாப்பாடும் தூக்கமும். இந்த எண்ணத்தைக் கொஞ்சம் கிளறிப் பார்க்க வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

நான் இருப்பது காவிரிப் படுகையில் உள்ள ஒரு பேரூராட்சி. இங்கே தெருவுக்குத் தெரு இல்லாவிட்டாலும், நடந்து போகும் தூரத்தில் அங்கன்வாடிகள் இருக்கின்றன. எல்.கே.ஜி. நடக்கும் பள்ளி வளாகம் ஒன்று. அங்கெல்லாம் உட்கார்ந்து பார்த்ததையும், தமிழ்நாட்டில் நடந்த ஆய்வையும், அரசு எடுத்த முடிவுகளையும் சேர்த்தே இங்கு எடைபோடுகிறேன். எந்த மையத்தின் பெயரையும், எந்தப் பணியாளரின் பெயரையும் எழுதப் போவதில்லை. நான் கண்ட குறைகளில் பெரும்பாலானவை அவர்கள் கையில் இல்லாதவை.

எடை போட அளவுகோல் வேண்டும். சேர்க்கை நேரத்தில் பெற்றோர் பார்ப்பவை கட்டடம், சீருடை, ஆங்கிலப் பாட்டு, பிறகு குழந்தை எத்தனை எழுத்து எழுதுகிறது என்பது. 2013இல் ஒன்றிய அரசு கொண்டுவந்த முன்பருவக் குழந்தைக் கல்விக் கொள்கையும் அதை ஒட்டிய தர அளவுகளும் வேறு சிலவற்றைப் பார்க்கச் சொல்கின்றன: 30 குழந்தைகளுக்கு 35 சதுர மீட்டர் அறை, வெளியே விளையாட இடம், மூன்று வயதுக்கு மேற்பட்ட 20 குழந்தைகளுக்கு ஒரு பெரியவர், நாளொன்றுக்கு மூன்று நான்கு மணி நேரம், குழந்தையின் வீட்டு மொழி. இந்தப் பட்டியல் எனக்கு ஏற்புடையது. ஆனால் இதில் ஒன்றை மற்றவற்றுக்கெல்லாம் மேலே வைக்கிறேன். காலை ஒன்பதரை முதல் பன்னிரண்டு வரை, அந்தக் குழந்தைகளைத் தவிர வேறு எந்த வேலையும் இல்லாத ஒரு பெரியவர் அந்த அறையில் இருக்கிறாரா?

நான்கு வயதுக் குழந்தை புத்தகத்தில் இருந்து கற்பது குறைவு. அது பேச்சில் கற்கிறது. வாளித் தண்ணீரில் இலை மிதக்கிறது, கல் மூழ்குகிறது, "ஏன்?" என்று கேட்கிறது. அந்த நேரத்தில் "நீயே வேற ஏதாவது போட்டுப் பாரேன்" என்று சொல்ல ஓர் ஆள் பக்கத்தில் வேண்டும். அந்த ஆள் பதிவேட்டில் குனிந்திருந்தால் கேள்வி அங்கேயே நின்றுவிடும். கட்டடமும் சீருடையும் அந்த இடத்தை நிரப்பாது.

இந்த அளவுகோலோடு முதலில் தெரு அங்கன்வாடிக்குள் போகலாம். அது எதற்காகப் பிறந்தது என்பதை மறந்துவிட்டு அதற்கு மதிப்பெண் போடுவது நியாயமில்லை. 1970களின் தொடக்கத்தில் மீனா சுவாமிநாதன் தலைமையிலான குழு, ஏழைக் குழந்தையின் பள்ளி முன்பருவம் குறித்து ஒன்றிய அரசுக்கு அறிக்கை கொடுத்தது. உணவும் உடல்நலமும் கல்வியும் தனித்தனியாக அல்ல, ஒரே இடத்தில் கிடைக்க வேண்டும் என்ற எண்ணம் அந்தக் காலத்தில் வலுப்பெற்றது. 1975 அக்டோபர் 2 அன்று நாடு முழுவதும் 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. தமிழ்நாடு தன் பங்குக்கு 1980இல் உலக வங்கி உதவியோடு ஊட்டச்சத்துத் திட்டத்தைத் தொடங்கி, குழந்தைகளை மாதந்தோறும் எடை பார்க்கும் வழக்கத்தைக் கிராமங்களுக்குக் கொண்டுபோனது. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, இரண்டு வயது முதல் ஐந்து வயதுக் குழந்தைகளுக்கும் சோறு போட்டது. இன்று மாநிலத்தில் 54,439 குழந்தைகள் மையங்கள் இருப்பதற்குப் பின்னால் இந்த மூன்று ஓடைகளும் இருக்கின்றன. குழந்தை சாகாமல் இருக்க வேண்டும், வளர வேண்டும் என்பதற்காகக் கட்டப்பட்ட அமைப்பு இது. அந்த வேலையை அது செய்தது. கல்வி அது தரும் ஆறு சேவைகளில் ஒன்று மட்டுமே.

அந்த ஒன்று எப்படி நடக்கிறது? சொந்தக் கட்டடம் உள்ள ஒரு மையத்தில் நான் பார்த்த காலைப் பொழுது இப்படி. ஆயா ஒன்பது மணிக்கே வந்து கூட்டி, தண்ணீர் பிடித்து, அடுப்பு மூட்டிவிட்டார். பிள்ளைகள் வரவர டீச்சர் கைகழுவ வைத்து, வட்டமாக உட்கார வைத்துப் பாட்டு சொல்லிக் கொடுத்தார். மாநில அரசின் 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' பாடத்திட்டம் மாதத்துக்கு ஒரு கருப்பொருளைக் கொடுக்கிறது. அந்த மாதம் காய்கறி. டீச்சர் ஒரு கத்தரிக்காயையும் ஒரு வெண்டைக்காயையும் கையில் கொடுத்துத் தடவிப் பார்க்கச் சொன்னார். பிள்ளைகள் முகர்ந்தும் பார்த்தார்கள். ஒரு சிறுமி வெண்டைக்காயில் "முடி இருக்கு" என்றாள். நல்ல வகுப்பு. பிறகு ஒரு கர்ப்பிணிப் பெண் சத்துமாவு வாங்க வந்தார். டீச்சர் எழுந்தார். கைப்பேசிச் செயலியில் பதிவு செய்ய வேண்டும். இப்போது முகத்தைப் படம் பிடித்துச் சரிபார்க்கவும் வேண்டும். இணைப்பு கிடைக்கவில்லை. வெண்டைக்காய்கள் தரையில் கிடந்தன.

அதற்குப் பிறகு அவர் அந்த வட்டத்துக்குத் திரும்ப வரவே முடியவில்லை. தடுப்பூசி நாள் குறித்துக் கிராம செவிலியர் தொலைபேசியில் பேசினார். வாக்காளர் பட்டியல் வேலைக்கு விவரம் கேட்டு ஒருவர் வந்தார். பதினொன்றரைக்குச் சோறு. சாப்பிட்ட பின் பாய் விரித்துத் தூக்கம். அந்த டீச்சருக்குக் கற்பிக்கத் தெரியும், ஆசையும் இருக்கிறது. நேரம்தான் இல்லை. இந்த இடத்தில்தான் 'பால்வாடின்னா சாப்பாடும் தூக்கமும்' என்ற ஊர்ப்பேச்சு பிறக்கிறது. அது பொய்யல்ல, ஆனால் காரணத்தை விட்டுவிட்டு விளைவை மட்டும் சொல்கிறது.

கடைத்தெருப் பக்கம் வாடகை வீட்டில் நடக்கும் இன்னொரு மையத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரே அறை, அதிலேயே அரிசி மூட்டை, வெளியே விளையாட இடமில்லை. முதல் மையத்துக்கும் இதற்கும் ஒரே பாடத்திட்டம், ஒரே பதவி, ஒரே உணவுப் பட்டியல். ஆனாலும் குழந்தைக்குக் கிடைப்பது வேறு. 'அங்கன்வாடி எப்படி?' என்று பொதுவாகக் கேட்பவர்களுக்கு விடை கிடையாது. எந்த அங்கன்வாடி என்று கேட்க வேண்டும்.

உணவில் மட்டும் இந்த மையங்கள் எல்லாவற்றுக்கும் முழு மதிப்பெண் தருவேன். சூடான கலவைச் சோறு, வாரத்துக்கு மூன்று முட்டை, அதற்கு மேல் பயறு, கொண்டைக்கடலை. ஒரு தனியார் மழலையர் பள்ளி வாசலில் பதினோரு மணிக்கு நின்று, பிள்ளைகளின் டப்பாவில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் பெரும்பாலும் பிஸ்கட்டும் பாக்கெட் நொறுக்கும்தான். இந்தக் கணக்கில் அரசின் ஏழை மையம் பணக்காரப் பள்ளியை வெல்கிறது. கூலிக்குப் போகும் தாய்க்கு இன்னொன்றும் உண்டு. பள்ளிக்குக் கோடை விடுமுறை நீண்டது. அங்கன்வாடிக்கு மே மாதத்தில் சில நாள்கள் மட்டும்தான் அடைப்பு. வயல் வேலை குழந்தையின் விடுமுறையைக் கேட்டு வருவதில்லை.

இனிப் பள்ளி வளாகம். 2019 ஜனவரியில், நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கியது அரசு. நோக்கத்தை அரசு மறைக்கவில்லை. மூன்று வயதில் தனியார் பள்ளி எல்.கே.ஜி.க்குப் போகும் பிள்ளை ஐந்து வயதில் அரசுப் பள்ளி ஒன்றாம் வகுப்புக்குத் திரும்பி வருவதில்லை. அரசுப் பள்ளிகளில் சேர்க்கை தேய்ந்துகொண்டு போவதற்கு வாசல் அங்கேதான் இருக்கிறது. 2012-13இல் அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகளைத் திறந்ததற்கும் இதே கவலைதான் காரணம். இது பள்ளியைக் காப்பாற்றும் காரணமே தவிரக் குழந்தையை முன்வைத்த காரணம் அல்ல என்று சிலர் குறை சொல்கிறார்கள். நான் அதை முழுதாக ஏற்கவில்லை. ஊரில் உள்ள அரசுப் பள்ளி மூடப்பட்டால் முதலில் இழப்பது கட்டணம் கட்ட முடியாத வீட்டுக் குழந்தைதான். பள்ளியைக் காப்பதும் குழந்தையைக் காப்பதில் சேர்த்தி.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. அந்த வகுப்புகளுக்கு யாரை அனுப்பினார்கள்? தொடக்கப் பள்ளிகளில் உபரி என்று கணக்கிடப்பட்ட இடைநிலை ஆசிரியர்களை. பெரிய வகுப்புகளுக்குப் பயிற்சி பெற்றவர்கள் அவர்கள். மூன்று வயதுக் குழந்தையோடு தரையில் உட்கார்வது தனிப் பயிற்சி வேண்டிய வேலை. ஆசிரியர் அமைப்புகள் இந்த மாற்றத்தை எதிர்த்தன. பதவியிறக்கம் என்று அவர்கள் கருதியதில் எனக்கு உடன்பாடில்லை. சிறு குழந்தைக்குக் கற்பிப்பது கீழான வேலை அல்ல. ஆனால் பயிற்சி தராமல் அனுப்பியதைத் தவறு என்றுதான் சொல்வேன். பிறகு 2022 ஜூனில் அந்த ஆசிரியர்கள் தொடக்க வகுப்புகளுக்குத் திரும்ப அழைக்கப்பட்டார்கள், எல்.கே.ஜி. நின்றுவிடும், குழந்தைகள் அங்கன்வாடியிலேயே தொடர்வார்கள் என்று செய்தி வந்தது. எதிர்ப்பு கிளம்பியது. சில நாள்களிலேயே அரசு முடிவை மாற்றிக்கொண்டு, வகுப்புகள் தொடரும் என்று அறிவித்தது. மாதம் 5,000 ரூபாய் மதிப்பூதியத்தில் தற்காலிகச் சிறப்பாசிரியர்கள் நியமிக்கப்பட்டார்கள். மூன்றே ஆண்டுகளில் ஒரு வகுப்பறை இப்படி மூன்று விதமாக மாறியது. நிலையான முகம் தேவைப்படும் வயதில் குழந்தைக்கு இது நல்லதல்ல.

எங்கள் ஊர் வளாகத்தில் நான் கண்டது என்ன? முதலில் நல்லவை. சுற்றுச்சுவர் இருக்கிறது. வேப்ப மரத்தடியும் மணலும் இருக்கின்றன. அண்ணன் அக்கா அதே வளாகத்தில் படிப்பதால் அழுகை சீக்கிரம் அடங்குகிறது. வயதுவாரியாகப் பிரித்து உட்கார வைக்க முடிகிறது. தெரு மையத்தில் இரண்டரை வயதும் ஐந்து வயதும் ஒரே வட்டத்தில் இருக்கும்போது ஐந்து வயதுக்காரன் சலித்துப் போவதைப் பார்த்திருக்கிறேன். இங்கே அது குறைவு. ஒன்றாம் வகுப்பு ஆசிரியர் இந்தப் பிள்ளைகளை முன்பே பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை 2022 முதல் நடக்கும் 'எண்ணும் எழுத்தும்' திட்டமும் அட்டைகளையும் விளையாட்டுகளையும் கொண்டே போவதால், ஐந்து வயதில் இருந்து ஆறு வயதுக்குப் போகும் படி அவ்வளவு உயரமாக இல்லை. இந்தத் தொடர்ச்சி தெரு அங்கன்வாடியால் தர முடியாத ஒன்று.

இன்னொரு நன்மையை ஊரில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும். அங்கன்வாடி தெருவைச் சேர்ந்தது. நம் ஊர்களில் தெரு என்பது சாதி. காலனிப் பிள்ளைகளுக்குக் காலனியில் ஒரு மையம், ஊர்த்தெருப் பிள்ளைகளுக்கு ஊர்த்தெருவில் ஒரு மையம். ஊர்த்தெரு மையத்தில் சமைப்பவர் யார் என்று விசாரித்துவிட்டுப் பிள்ளையை அனுப்பும் வீடுகள் இன்றும் இருக்கின்றன. அருகில் இருக்க வேண்டும் என்ற நல்ல நோக்கத்தில் அமைந்த மையம், பிரிந்திருக்கும் பழக்கத்தை மூன்று வயதிலேயே பிள்ளைக்குக் கற்றுக் கொடுத்துவிடுகிறது. பள்ளி வளாகம் இதை ஒரேயடியாகத் தீர்ப்பதில்லை. ஆனால் அங்கே எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒரே பாயில் உட்கார்கிறார்கள், ஒரே அண்டாவில் இருந்து சாப்பிடுகிறார்கள். முன்பருவக் கல்வி பற்றிப் பேசும் அறிக்கைகளில் இதற்கு மதிப்பெண் இல்லை. நான் போடுகிறேன், அதுவும் நிறையவே.

இனி வளாகத்தின் குறை. நான் போன நாளில் எல்.கே.ஜி. அறையில் பிள்ளைகள் நின்ற கோடும் படுத்த கோடும் எழுதிக்கொண்டிருந்தார்கள். பிறகு கோட்டு நோட்டில் ஒரு பக்கம் முழுக்க ஓர் ஆங்கில எழுத்து. பென்சிலை இறுக்கிப் பிடித்து விரல் நோகும் வயது அது. மரத்தடி மணல் வெளியே சும்மா கிடந்தது. ஏன் என்று கேட்டேன். "நோட்ட பார்த்துத்தான் சார் வீட்ல நம்புறாங்க" என்றார் அந்த ஆசிரியை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எல்.கே.ஜி. என்று பலகை மாட்டியவுடன் தனியார் பள்ளியின் நோட்டும் வீட்டுப்பாடமும் அந்தப் பெயரோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடுகின்றன. அரசின் 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' நூல்கள் அலமாரியில் இருந்தன. தாள் அளவில் அவை அந்த நோட்டைவிட எவ்வளவோ மேல்.

நோட்டில் எழுதுவது படிப்பு, வெண்டைக்காயைத் தடவுவது விளையாட்டு என்ற நம்பிக்கை எவ்வளவு சரி? அசாம், ராஜஸ்தான், தெலங்கானா ஆகிய மூன்று மாநிலங்களின் கிராமப்புறங்களில் ஏறத்தாழ 14,000 குழந்தைகளை நான்கு வயது முதல் எட்டு வயது வரை தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று 2017இல் வெளியானது. அசர் மையமும் தில்லி அம்பேத்கர் பல்கலைக்கழகமும் செய்தது. அது சொன்னவை முக்கியமானவை. அரசு மையங்களில் கற்பித்தல் போதவில்லை. தனியார் மழலையர் வகுப்புகளில் ஒன்றாம் வகுப்புப் பாடத்தைக் கீழே இறக்கி எழுத வைத்தார்கள். அதுவும் குழந்தையைப் பள்ளிக்குத் தயார் செய்யவில்லை. வயதுக்கேற்ற விளையாட்டும் பேச்சும் இருந்த இடங்களில்தான் பிள்ளைகள் ஆயத்தமாக வந்தார்கள். நோட்டுக்கும் தூக்கத்துக்கும் நடுவில் மூன்றாவது ஒன்று இருக்கிறது, அதுதான் வேண்டியது. நம் ஊரின் இரண்டு வகை மையங்களும் அதைத் தொட்டுத் தொட்டு விடுகின்றன.

தமிழ்நாட்டிலேயே நடந்த இன்னோர் ஆய்வு இந்த ஒப்பீட்டுக்கு நேரடியாகத் தீர்ப்பு சொல்லக்கூடியது. கார்த்திக் முரளிதரனும் உடன் இரு பொருளியலாளர்களும் மாநிலத்தில் 320 அங்கன்வாடி மையங்களை எடுத்துக்கொண்டார்கள். குலுக்கல் முறையில் தேர்ந்த பாதி மையங்களில் கூடுதலாக ஒரே ஒரு பணியாளரை, அதுவும் அரைநேரத்துக்கு, முன்பருவக் கல்விக்காக மட்டும் சேர்த்தார்கள். கட்டடம் மாறவில்லை, பலகை மாறவில்லை, ஆங்கிலம் சேர்க்கவில்லை. கற்பிக்கும் நேரம் இரண்டு மடங்கானது. 18 மாதங்களுக்குப் பின் சோதித்தபோது, மையத்தில் தொடர்ந்து இருந்த குழந்தைகளின் மதிப்பெண் கணக்கில் 0.29, மொழியில் 0.46 திட்ட விலக்க அளவுக்கு உயர்ந்திருந்தது. கல்வித் துறையில் இது சிறிய உயர்வு அல்ல. அதோடு, குள்ளமாக வளரும் குழந்தைகளின் விகிதமும் கடுமையான ஊட்டக் குறைவும் குறைந்தன. கற்பிக்கும் பொறுப்பு பகிரப்பட்டதால் பழைய டீச்சருக்கு உணவு, உடல்நல வேலைகளைச் செய்ய நேரம் கிடைத்தது. ஓர் ஆள் வந்ததில் இரண்டு வேலைகளும் தேறின.

இதை வைத்துக்கொண்டு எங்கள் ஊர் மையங்களைத் திரும்பப் பார்த்தால் படம் தெளிவாகிறது. தெரு அங்கன்வாடியில் இல்லாதது அந்த இரண்டாம் ஆள். வளாக எல்.கே.ஜி.க்கு இருக்கும் உண்மையான பலம் பலகையோ பெஞ்சோ அல்ல. அங்கன்வாடி டீச்சருக்கு மேலே, கற்பிப்பதற்கென்றே இன்னொருவர் அங்கே இருப்பது. தற்காலிக ஆசிரியர் வேலையை விட்டுப் போய், அடுத்தவர் வரும்வரை அந்த இடம் காலியாக இருந்தால் வளாக எல்.கே.ஜி. என்பது பெயரளவுக்கு மட்டுமே. அப்போது அங்கன்வாடி டீச்சரே இரண்டு அறையையும் பார்க்கிறார். பதிவேடும் அவரே, பாட்டும் அவரே.

இங்கே ஒரு மறுப்பை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். அந்த ஆய்வில் சேர்க்கப்பட்டவர்களும் முழுச் சம்பளக்காரர்கள் அல்லர், அரைநேரப் பணியாளர்கள்தான். ஆகவே 5,000 ரூபாய் ஆசிரியரும் போதுமே என்று ஒருவர் வாதிடலாம். குழந்தையின் மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால், 18 மாதக் கணக்கில் அந்த வாதம் நிற்கும். ஆனால் 18 மாத முயற்சி வேறு, ஆண்டாண்டுக்கும் நடக்க வேண்டிய ஓர் அமைப்பு வேறு. ஆசிரியர் பட்டயம் முடித்த ஒரு பெண், அன்றாடக் கூலிக்கும் கீழான தொகைக்கு எத்தனை ஆண்டு நிற்பார்? 2022 ஏப்ரலில், அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் உதவியாளர்களுக்கும் பணிக்கொடை உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர்கள் வேலை பகுதிநேரத் தொண்டு அல்ல என்பதை நீதிமன்றம் ஏற்ற அதே ஆண்டில், பக்கத்து அறையில் 5,000 ரூபாய்க்கு ஆள் வைத்தது பொருந்தவில்லை.

அரசிடம் பணம் இல்லை என்று சொல்லவும் முடியாது. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் தனியார் பள்ளிகளில் சேரும் ஏழைக் குழந்தைகளுக்கு அரசு கட்டணம் செலுத்துகிறது. தமிழ்நாட்டில் அந்தச் சேர்க்கை பெரும்பாலும் எல்.கே.ஜி.யிலேயே தொடங்குகிறது. அந்தக் குழந்தைகளின் உரிமையை நான் மறுக்கவில்லை. அதே வயதுக் குழந்தைக்குத் தனியார் வாசலில் செலவழிக்க முடிகிற அரசால், தன் சொந்த மையத்தில் இரண்டாவது ஆசிரியரை வைக்க முடியும் என்றே சொல்கிறேன். சட்டத்தில் இடைவெளி இருப்பதும் உண்மை. ஆறு முதல் பதினான்கு வயது வரையிலான கல்விதான் அடிப்படை உரிமை. ஆறு வயதுக்குக் கீழே அரசியல் சட்டத்தின் 45ஆம் பிரிவு ஒரு வழிகாட்டுதலாக நிற்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 11ஆம் பிரிவு அரசு ஏற்பாடு 'செய்யலாம்' என்ற அளவில் நிற்கிறது. கேட்கும் பெற்றோருக்கு நீதிமன்றப் படி ஏற வலுவான பிடி இல்லை. அதனால் அரசின் விருப்பமே எல்லாமும் ஆகிறது, 2022 ஜூனில் பார்த்ததைப் போல.

எடை முடிந்தது, தீர்ப்பைச் சொல்கிறேன். மூன்று வயதில் இருந்து நான்கு வயது வரை, தெரு அங்கன்வாடியே மேல். வீட்டுப் பக்கம், தெரிந்த முகம், சூடான சோறு, பகல் தூக்கம், பாட்டு, கதை. அந்த வயதுக்கு வேண்டியவை அங்கே இருக்கின்றன. நோட்டு இல்லாதது குறையல்ல, நன்மை. வாடகை வீட்டு மையத்துக்கு இந்தத் தீர்ப்பு பொருந்தாது. ஓடியாட இடமில்லாத மையத்தை மாற்றித் தரும்படி பேரூராட்சியைக் கேட்பதே அங்கே முதல் வேலை.

நான்கு வயதுக்கு மேல், ஒன்றாம் வகுப்புக்குப் போகும்வரை, பள்ளி வளாகம் மேல். வயதுக்கேற்ற குழு, மணல், பள்ளிப் பழக்கம், எல்லாத் தெருப் பிள்ளைகளின் கூட்டு. ஒரே நிபந்தனை: காலை முழுக்க அந்த வகுப்புக்கென்று ஓர் ஆசிரியர் இருக்க வேண்டும். ஆசிரியர் இல்லாத வளாக எல்.கே.ஜி., அக்கறையுள்ள டீச்சர் இருக்கும் தெரு அங்கன்வாடிக்குக் கீழேதான் நிற்கும்.

ஆனால் மாநில அளவில் பார்த்தால் எல்.கே.ஜி. விடை ஆகாது. 54,439 மையங்களில் 2,381 என்பது நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. பெரும்பாலான குழந்தைகள் தெரு மையங்களிலேயே இருக்கிறார்கள், இருப்பார்கள். வளாகங்களில் பலகைகளைக் கூட்டுவதைவிட, ஒவ்வொரு தெரு மையத்துக்கும் கற்பிக்க மட்டுமே ஓர் ஆளை நிரந்தரமாக, ஊதிய விகிதத்தோடு நியமிப்பதற்கு அரசு முதலில் செலவழிக்க வேண்டும். அதைச் செய்தால் எல்.கே.ஜி.யா பால்வாடியா என்ற கேள்வியே பாதி கரைந்துவிடும்.

சேர்க்கைக்கு முன் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். காலை பத்தரை மணிக்குச் சொல்லாமல் போய் அரைமணி நேரம் உட்காருங்கள். சுவரில் உள்ள படங்களையும் பிள்ளைகளின் நோட்டையும் பார்க்க வேண்டாம். டீச்சர் எங்கே இருக்கிறார், யாரோடு பேசிக்கொண்டிருக்கிறார் என்று பாருங்கள். அவர் கைப்பேசியோடும் பதிவேட்டோடும் போராடிக்கொண்டிருந்தால் அவரிடம் கோபப்பட வேண்டாம். உங்கள் வார்டு உறுப்பினரிடமும், வட்டாரத் திட்ட அலுவலகத்திலும், அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருபவரிடமும் இரண்டாவது டீச்சர் எங்கே என்று கேளுங்கள்.